நினைவும் மறதியும்: ஆய்வு வரலாற்றில் ஒரு நோக்கு

மறதி மனித இனத்தின் மிகப் பழைய முறைப்பாடுகளில் ஒன்று. எனினும், மனிதன் ஏன் மறக்கின்றான் என்னும் வினா பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டது அண்மைக் காலத்திலேயே ஆகும். கிரேக்க மெய்யியலாளரான பிளேற்றோ, 'தியேற்றேற்றஸ்' என்னும் உரையாடலில் நினைவை மெழுகுப் பலகையிற் பதிந்த முத்திரைக்கு ஒப்பிட்டார். முத்திரை தெளிவாக உள்ளவரை நினைவு நிலைக்கும். அது அழியின் மறதி தோன்றும். நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்த இவ்வுவமை படிப்படியாக வலுவிழந்தமையே நினைவு பற்றிய அறிவியலின் வரலாறு எனலாம்.

அவ்வரலாறு ஜேர்மானிய அறிஞர் ஹேர்மன் எபிங்கவுஸ் என்பவரிடமிருந்து தொடங்குகின்றது. 1879 ஆம் ஆண்டளவில் அவர் தம்மையே பரிசோதனைப் பொருளாகக் கொண்டார். பொருளுள்ள சொற்களைக் கற்பின் முன்னறிவு குறுக்கிடும் எனக் கருதி, பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2300 ஐ ஆக்கி, அவற்றை வரிசை வரிசையாக மனனஞ் செய்தார். குறித்த காலம் கழிந்தபின், அதே வரிசையை மீளக் கற்பதில் எவ்வளவு நேரம் மிச்சமாகின்றது எனக் கணித்தார். 1885 இல் வெளிவந்த அவரது நூலின்படி, அம்மிச்சம் 20 நிமிடங்களின் பின் 58 சதவீதம். ஒரு மணித்தியாலத்தின் பின் 44. ஒரு நாளின் பின் 34. ஒரு மாதத்தின் பின் 21. மறதி முதலிற் பாய்ந்து, பின்னர் தளர்நடை போடுகின்றது. ஒரே நாளில் 68 முறை ஓதியதன் பயனை, மூன்று நாள்களிற் பகிர்ந்து 38 முறை ஓதியே அவர் பெற்றமையும் குறிப்பிடத்தக்கது. பாடத்தை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்குமாறு மாணாக்கனுக்கு விதித்த நன்னூலாரின் அனுபவ அறிவு இங்கு நினைவுகூரத்தக்கது.

எபிங்கவுஸ் மறதியின் வேகத்தை அளந்தார்; அதன் காரணம் துணியப்படவில்லை. காலந்தான் நினைவைத் தேய்க்கின்றதா? 1924 இல் ஜெங்கின்ஸ், டலன்பாக் ஆகிய அமெரிக்க ஆய்வாளர், கற்றபின் உறங்கியவர்கள் அதேயளவு நேரம் விழித்திருந்தபோது மறந்ததிலும் குறைவாகவே மறந்தனர் எனக் கண்டனர். கழிந்த காலம் ஒன்றே, மறதியோ வேறு. ஆகவே, விழிப்பில் வந்து சேரும் புதிய அனுபவங்கள் பழையவற்றுடன் மோதுவதே மறதிக்கு ஒரு காரணம் என்னும் கருத்து வலுப்பெற்றது.

1932 இல் கேம்பிறிட்ஜ் பேராசிரியர் பிரெட்ரிக் பாட்லெற் மேலும் ஒரு படி சென்றார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதையொன்றை ஆங்கிலேயர் படித்து மீளக் கூறியபோது, அவர்களுக்குப் பழக்கமில்லாத பகுதிகள் மறைந்தன. எஞ்சியவை அவர்தம் பண்பாட்டுக்கு இசைய மாறின. நினைவுகூர்தல் என்பது எடுத்துக் கொணர்தலன்று, மீளக் கட்டுதலே என்பது அவரது முடிபு.

நினைவு மூளையில் எவ்வாறு அமைகின்றது என்பதை ஒரு தனிமனிதனின் துயரம் உணர்த்திற்று. கடும் வலிப்பு நோயால் வருந்திய 27 வயதினரான ஹென்றி மொலேசன் என்னும் அமெரிக்கருக்கு 1953 இல் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. மூளையின் இரு பக்கத்தும் ஹிப்போகம்பஸ் எனப்படும் பகுதியின் பெரும்பங்கு அகற்றப்பட்டது. வலிப்புக் குறைந்தது, ஆயின் புதிய நிகழ்ச்சி எதையும் மனத்தில் நிலைநிறுத்த அவரால் இயலவில்லை. இளமைக்கால நினைவுகள் எஞ்சியிருந்தன. பல்லாண்டுகள் தம்மை ஆராய்ந்த பிறென்டா மில்னரை அவர் ஒவ்வொரு முறையும் புதியவராகவே வரவேற்றார். எனினும், கண்ணாடியில் தோன்றும் உருவைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவர் கை நாளுக்கு நாள் தேர்ந்தது. முன்னர் பயின்றதையோ அவர் அறியார். கைத்திறன் நினைவும் நிகழ்ச்சி நினைவும் வேறு வேறானவை என்பதை 2008 இல் மறைந்த அம்மனிதரே உலகுக்கு உணர்த்தினார்.

இவ்வாய்வுகளின் விளைவு நீதிமன்றத்தையும் எட்டியது. 1974 இல் எலிசபெத் லொப்ரஸ், ஜோன் பாமர் ஆகியோர் கார் விபத்துப் படமொன்றை மாணவர்க்குக் காட்டினர். கார்கள் 'முட்டியபோது' அவற்றின் வேகம் என்ன எனச் சிலரிடமும், 'நொறுங்கியபோது' என்ன எனச் சிலரிடமும் வினவினர். ஒரு வாரத்தின் பின், உடைந்த கண்ணாடியைக் கண்டதாக முதற் குழுவின் 50 பேரில் 7 பேரும், மற்றைக் குழுவின் 50 பேரில் 16 பேரும் கூறினர். படத்திலோ உடைந்த கண்ணாடி இருக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1989 முதல் மரபணுச் சோதனையால் விடுவிக்கப்பட்ட பலர், நேரிற் கண்டோரின் தவறான அடையாளங் காட்டலாலேயே தண்டனை பெற்றிருந்தனர்.

அச்சாட்சிகள் யாவரும் பொய்யர் அல்லர். தாம் நினைந்ததையே கூறியோர் பலர். இதுவே மெழுகுப் பலகை உவமை மறைத்த உண்மை. மறந்தவன் தான் மறந்ததை அறியக்கூடும். மாறிய நினைவை உடையவனோ அதனை அறியான். எனவே, மனிதரின் நினைவைச் சான்றாகக் கொள்ளும் நீதிபதியும் வரலாற்றாசிரியரும் காலந்தாழ்த்தாது அதனைப் பதிவுசெய்தலும், பிற சான்றுகளோடு ஒப்புநோக்குதலும் இன்றியமையாதனவாகும்.