கொல்லைப்புற வழி

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, கடல் நடுவில் ஷெட்லாந்து தீவுகள். மொத்த ஜனமே சுமார் 23 ஆயிரம்தான். அங்கே 1996-ல் வெடித்தது ஒரு விசித்திர வழக்கு!

'ஷெட்லாந்து டைம்ஸ்' 1872-ல் பிறந்த வாரப் பத்திரிகை. அதன் முன்னாள் ஆசிரியர் ஜோனதன் வில்ஸ், 'ஷெட்லாந்து நியூஸ்' என்று இன்டர்நெட் பத்திரிகை நடத்தினார். டைம்ஸின் தலைப்புகளை அப்படியே தன் பக்கத்தில் போட்டார். க்ளிக் பண்ணினால் நேரே டைம்ஸின் செய்தி! அவர்களுடைய முகப்புப் பக்கத்தை எட்டிப் பார்க்கவே வேண்டாம். விளம்பரம் பிடிக்க அவர்கள் நம்பியிருந்ததோ அந்த முகப்பைத்தான். வாசலில் கடை விரித்திருக்க, வருகிறவர்களைக் கொல்லைப்புறமாகக் கூட்டிப் போனால் சும்மா விடுவார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள்.

1988-ல் எழுதிய காப்பிரைட் சட்டத்துக்கு இன்டர்நெட்டை எங்கே தெரியும்? 'கேபிள் நிகழ்ச்சி'க்கான பிரிவில் வெப்சைட்டும் அடங்கும்னு வாதிட இடமிருக்கு என்றார் எடின்பரோ நீதிபதி ஹாமில்டன். ஏழெட்டு வார்த்தைத் தலைப்புக்கும் காப்பிரைட் இருக்கலாமாம்! இடைக்காலத் தடை போட்டார்.

முழு விசாரணை நடக்கவே இல்லை. 1997 நவம்பரில் சமரசம். தலைப்புக்குக் கீழே 'இது ஷெட்லாந்து டைம்ஸ் செய்தி' என்று போட்டு, அவர்கள் சின்னத்தையும் வைத்தால் இணைப்புக் கொடுத்துக்கொள்ளலாம். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? அது அந்தரத்திலேயே நின்றது.

பிறகு சுவீடன் பத்திரிகையாளர்கள் தொடுத்த வேறொரு வழக்கில், 2014-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: எல்லோருக்கும் திறந்து கிடக்கிற பக்கத்துக்கு வழிகாட்ட யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.