முயற்குட்டிகளின் தீவனமும் எடைப்பெருக்கமும்

பால் மறந்த நாள் தொடங்கி முதிர்ச்சி அடையும் வரையில், முயற்குட்டியின் எலும்பும் தசையும் ஒன்றுக்கொன்று இசைந்து வளருமாறு அதன் ஆகாரத்தை நியமிக்கும் முறை இங்குக் கூறப்படும். ஜவ்வாது மலைக் காடுகளில் திரியும் கரும்பிடரி முயல் இவ்விஷயத்தில் சேராது. அது வேறொரு பேரினத்தைச் சார்ந்தது. ரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறப்பது. அன்றியும், அதைப் பிடிப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. கூண்டுகளில் வளர்வன யாவும், ஐபீரியத் தீபகற்பத்தைத் தாயகமாகக் கொண்டு, வளைக்குள் ரோமமின்றிக் கண்மூடிப் பிறக்கும் ஐரோப்பிய முயலின் சந்ததிகளே.

இவற்றின் இன வரலாறு விநோதமானது. 1913-இல் பிரான்சில் டிபோவ்ஸ்கி என்பவர் காட்சிக்கு வைத்த சின்சில்லா முயல், தென்னமெரிக்க மலைகளில் வாழும் அதே பெயருள்ள கொறிவிலங்கின் சாம்பல் ரோமத்தை ஒத்திருந்தமையால், தோல் வியாபாரிகளின் பேராசைக்கு இலக்காயிற்று; பின்னர் ரஷ்யர்கள் அதனை வெள்ளைப் பெருமுயலோடு கலந்து, உடல் பருத்த சோவியத் சின்சில்லாவை உண்டாக்கினர். நியூசிலாந்து வெள்ளை என வழங்கும் இனமோ அமெரிக்காவில் தோன்றியது. அப்பெயரைத் தாங்குவதற்கு அதற்குள்ள உரிமை மிகச் சொற்பமே. அமெரிக்கக் கண்காட்சிகளில் உடல் பெருத்த இனங்கள் மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பெறும்: ஆறு மாதத்துக்கு உட்பட்டவை இளையவை, ஆறு முதல் எட்டு மாதம் வரை இடைநிலை, அதற்கு மேற்பட்டவை மூத்தவை. ஒவ்வோர் இனத்துக்கும் எடை வரம்பு உண்டு. அதனை மீறிய இளைய முயல் தன் வகுப்பில் நிற்கும் தகுதியை இழந்து மேல்வகுப்பு முயல்களோடு போட்டியிட நேருமாதலின், அங்கே தராசு ஒரு நீதிபதியாகவே விளங்குகிறது.

குட்டி பிறக்கையில் ஏறத்தாழ 50 கிராம் இருக்கும். தாய் பெரும்பாலும் நாளொன்றுக்கு ஒருமுறையே பாலூட்டும். மூன்றாம் வாரத்தில் குட்டி தீவனத்தைக் கொறிக்கத் தொடங்கும். நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் தாயிடமிருந்து பிரிக்கப்படும். ஆபத்து அப்போதுதான். மாச்சத்தைச் செரிக்கும் சக்தி இன்னும் முற்றாத வயிற்றில் தானியத்தை மிகுதியாக இட்டால், செரியாத பகுதி பெருங்குடலை அடைந்து, விஷக் கிருமிகளுக்கு உணவாகிக் கழிச்சலை விளைவிக்கும். ஆகவே பிரித்த வாரத்தில் தீவனத்தை மாற்றலாகாது. நார்ச்சத்து நூற்றுக்குப் பதினான்கு பங்கும், புரதம் பதினாறு பங்கும் அமைந்த அடர்தீவனத்தை அளந்து கொடுப்பதே முறை. வயிறு நிறைய விடுவதே சிறந்தது என்போரும் உளர். அனுபவம் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. 600 அல்லது 700 கிராம் எடையுள்ள குட்டிக்கு நாளொன்றுக்கு 50 கிராம் அடர்தீவனமும் 150 கிராம் பசுந்தீவனமும் தமிழ்நாட்டில் வழங்கும் அளவு. வாரந்தோறும் ஒரே வேளையில் நிறுத்து, முதுகெலும்பையும் விரலால் தடவிப் பார்த்தல் வேண்டும். மூன்று மாதத்துக்குப் பின் ஏறும் எடையில் கொழுப்பின் பங்கு வளர்ந்துகொண்டே போகும்.

கொடைக்கானல் மேல்மலையில், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலுள்ள மன்னவனூரில், மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் 1965 முதல் இயங்கிவருகிறது. வெள்ளைப் பெருமுயலும் சோவியத் சின்சில்லாவும் அங்கே பேணப்படுகின்றன. ஜவ்வாது மலை அவ்வளவு உயரம் இல்லாமையால், அங்கே கோடை வெப்பத்தில் முயல் இரையைக் குறைத்து எடையும் தேங்கும். அதனால் அந்தி சாய்ந்தபின் தீவனம் இடுதலும், நீர் தடையின்றிக் கிடைக்கச் செய்தலும் அவசியம். அகத்தி, கல்யாண முருங்கை, வேலிமசால், முயல்மசால் ஆகியன பசுந்தீவனத்துக்கு ஏற்றவை. பறித்தவுடன் ஈரத்தோடு இடாமல் சற்று வாட விட்டு, கூண்டின் பக்கத்தில் கட்டித் தொங்கவிடல் நன்று. சாமை விளையும் ஜவ்வாது மலையில் அதன் தவிட்டையும் அடர்தீவனத்தில் சிறிதளவு சேர்க்கலாம். தமிழ்நாட்டில் முயல் வளர்ப்பு இன்று இறைச்சிக்காகவே பெரிதும் நடைபெறுகிறது.