பொத்தானும் ஆணையும்

கைப்பேசியில் பயணச்சீட்டு எடுக்கிறீர்கள். ‘பணம் செலுத்து’ என்னும் பொத்தானை அழுத்துகிறீர்கள். திரையில் மாற்றமில்லை. மீண்டும் அழுத்துகிறீர்கள். பிறகு பார்த்தால் இருமுறை பணம் போயிருக்கிறது! என் மாணவர் ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்தது. “பொத்தான் கெட்டுவிட்டதா, சார்?” என்று கேட்டார். பொத்தான் கெடவில்லை, அதை ஆணையோடு இணைத்த முறையில்தான் குறை. இவ்விணைப்பை நம் நாட்டுப் பொறியாளர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எவ்வளவு கவனமாக அமைத்தனர் என்பதைக் காண்போம்.

சேலம், நாமக்கல் மாவட்ட வாக்காளர்கள் 2001 மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் முத்திரைக் கட்டைக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தினர். தமிழகத் தொகுதிகள் அனைத்திலும் அப்போது வாக்குப்பதிவு இயந்திரம் வந்தது. ஹைதராபாத்தின் இ.சி.ஐ.எல்., பெங்களூரின் பி.இ.எல். என்னும் இரு பொதுத்துறை நிறுவனங்கள் அதை உருவாக்கின. பி.இ.எல்.லில் இப்பணியில் முக்கியப் பங்காற்றியவர் பொறியாளர் எஸ். ரங்கராஜன், அவர்தான் எழுத்தாளர் சுஜாதா.

இயந்திரம் முதன்முதலில் 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் சோதிக்கப்பட்டது. ஆனால் அதைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984-ல் தீர்ப்பளித்தது. அச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்தது, முடிவும் மாறியது! 1988 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே இயந்திரத்துக்கு வழி பிறந்தது.

இது எவ்வாறு இயங்குகிறது? வாக்காளர் முன்னுள்ள பெட்டியில் நீல நிறப் பொத்தான்கள் இருக்கின்றன. மூன்றாம் பொத்தானுக்கு வேட்பாளரின் பெயர் தெரியாது. ‘மூன்று’ என்னும் குறிப்பை மட்டுமே அது கம்பிவழி அனுப்புகிறது. சங்ககிரியில் மூன்றாமவர் வேறு, ராசிபுரத்தில் மூன்றாமவர் வேறு. பெயரும் சின்னமும் அச்சிட்ட தாளை மாற்றினால் போதும். பொத்தானை மாற்ற வேண்டியதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. அலுவலர் தம்மிடமுள்ள கட்டுப்பாட்டுக் கருவியில் ஒரு பொத்தானை அழுத்தி அனுமதி தந்தால்தான் பச்சை விளக்கு எரியும். அதன்பின் வாக்காளர் அழுத்தினால் சின்னத்தின் அருகே சிவப்பு விளக்கு எரிந்து ஒலி எழும், வாக்கு பதிவாகும். மறுகணமே இயந்திரம் பூட்டிக்கொள்ளும். பிறகு நூறு முறை அழுத்தினாலும் பயனில்லை. ஓர் அனுமதிக்கு ஒரு வாக்கு!

இனிக் கைப்பேசிக்கு வருவோம். அதன் திரையிலுள்ள பொத்தான் வெறும் படம். விரல் பட்ட இடத்தைக் கருவி கணக்கிட்டு, அங்கே எந்தப் பொத்தான் வரையப்பட்டுள்ளது என்று பார்த்து, அதற்குரிய ஆணையை அழைக்கிறது. படம் வேறு, ஆணை வேறு என்று பிரித்து எழுதும் முறையை 1979-ல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் நார்வே அறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காக் வகுத்தார். பொத்தானிலிருந்து ஆணைக்குத் திரையிலேயே ஒரு கோடு இழுத்து இணைக்கும் வசதியை, பிரான்சு நாட்டின் ழான்-மரி ஹுல்லோ உருவாக்கிய மென்பொருள் 1988-ல் நெக்ஸ்ட் கணிப்பொறியில் தந்தது. கைப்பேசிச் செயலிகளை எழுதுவோர் இன்றும் இவ்வழியைப் பின்பற்றுகின்றனர்.

என் மாணவர் பயன்படுத்திய செயலியில் இல்லாமற்போனது அந்தப் பூட்டுதான். முதல் ஆணை நிறைவேறும்வரை பொத்தானை முடக்கி வைத்து, ‘பொறுங்கள்’ என்று காட்டியிருந்தால் பணம் இருமுறை போயிராது.

அழுத்திய ஆணை சரியாகப் பதிவாயிற்றா என்று மக்கள் அறிய விரும்புவதும் நியாயமே. ஆகவேதான் 2013 முதல் வாக்குப்பதிவு இயந்திரத்தோடு தாளில் அச்சிட்டுக் காட்டும் கருவியும் இணைந்தது. அச்சீட்டு ஏழு வினாடிகள் கண்ணில் படும்.

செயலி எழுதப் பழகும் மாணவர்களே! பொத்தானின் நிறத்தையும் வடிவத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எப்போது அழுத்தலாம், எத்தனை முறை அழுத்தலாம், அழுத்தியவருக்கு என்ன பதில் சொல்வது? இம்மூன்றையும் முதலில் தீர்மானியுங்கள்.