மலைநாட்டுப் பொற்பட்டறைகள்

கினிகத்தேனை என்னும் பெயர், தீப்பற்றிய சேனை என்று பொருள்படும் சிங்களச் சொற்களிலிருந்து பிறந்தது. ஆண்டின் பெரும்பகுதியும் மழையில் நனையும் ஊருக்கு நெருப்பின் பெயர் வாய்த்தது விந்தையே. கித்துல்கலையிலிருந்து மலையேறி வரும் கொழும்புப் பாதையும், நாவலப்பிட்டியிலிருந்து வரும் பாதையும் இங்கே கூடி அட்டனை நோக்கிச் செல்கின்றன. இத்தகைய மலைநாட்டுக் கடைவீதிகளில், ஜவுளிக்கடைக்கும் பலசரக்குக் கடைக்கும் நடுவே, எந்த மழைக்கும் அணையாத ஒரு சிறு நெருப்பு நெடுங்காலம் எரிந்து வந்தது. அதுவே பொற்கொல்லரின் உமிச்சட்டி நெருப்பு. அவரைப் பத்தர் என்றும் ஆசாரி என்றும் நம்மவர் அழைப்பர்.

கோப்பி வந்த கதையையும் தேயிலை வந்த கதையையும் பலர் எழுதியிருக்கின்றனர். துரைமாரைப் பற்றியும் கங்காணிமாரைப் பற்றியும் நூல்கள் உண்டு. ஆனால், தோட்டத்து மக்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளை உருக்கி உருக்கொடுத்த பொற்கொல்லரை நினைத்தோர் மிகச் சிலர். சொந்த நிலமும் வங்கிக் கணக்கும் இல்லாது வாழ்ந்த ஒரு சமூகத்துக்கு அச்சிறு பட்டறையே சேமிப்பு நிலையமாக விளங்கியது. அதன் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

அரசர் காலம்

மலைநாட்டில் பொன்வேலை தேயிலையோடு வந்ததன்று. கண்டியரசர் காலத்தில் அரண்மனைக்கென்றே பணிபுரிந்த தேர்ந்த கைவினைஞர் குழு, நான்கு பட்டறைகள் என்னும் பொருளில் 'பட்டல் ஹத்தர' என்று வழங்கப்பட்டது. அச்சிங்களப் பெயர் நமது செவிக்குப் பட்டறை என்ற தமிழ்ச் சொல்லையே நினைவூட்டுகிறது. அவர்கள் தமது பணிக்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்தனர். 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நாயக்க அரசர் தென்னிந்தியாவோடு உறவுடையவர்கள். தென்னாட்டுப் பொற்கொல்லர் குடும்பங்கள் கண்டி நாட்டிற் குடியேறிச் சிங்களக் கைவினைஞரோடு ஒன்றாய்க் கலந்த செய்தியும் உண்டு.

இவற்றையெல்லாம் ஆராய்ந்து உலகுக்கு உரைத்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்த அப்பெரியார், கல்லையும் மண்ணையும் தேடிக் கிராமங்களிற் சுற்றியபோது கைவினைஞரின் குடிசைகளையும் கண்டார். 1908இல் வெளிவந்த அவரது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் பொன், வெள்ளி வேலைக்குத் தனியிடம் தந்தார். அரசு வீழ்ந்ததும் ஆதரவு வீழ்ந்தது. இறக்குமதிச் சரக்கு மலிந்ததும் கைவேலை மெலிந்தது. இதுவே அவர் கண்டு வருந்திய உண்மை. அரசர் போனபின் பொற்கொல்லருக்கு யார் ஆதரவு? அந்த வினாவுக்கு மலைநாட்டிற் கிடைத்த விடைகளுள் ஒன்று, எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கூலிக்காரர் என்று இகழப்பட்ட எம் முன்னோரே அந்த ஆதரவாளர்.

சம்பளம் நகையானது

கோப்பிக் காலத்தில் வந்த தொழிலாளர் பலர் பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பியவர்கள். 1869இல் கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது; அதன்பின் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே மக்கள் குடும்பங்களாகத் தங்கலாயினர். குடும்பம் தங்கிய இடத்தில் காதுகுத்தும், பூப்பும், திருமணமும் நிகழ்ந்தன. அவற்றுக்கு நகை வேண்டியிருந்தது. 1874இல் நாவலப்பிட்டிக்கும் 1884இல் அட்டனுக்கும் புகையிரதம் வந்து சேர்ந்ததும் கடைவீதிகள் வளர்ந்தன. பொற்கொல்லரும் வந்தனர்.

1872இல் ரூபாயே இலங்கையின் நாணயமாயிற்று. அக்காலத்து இந்திய வெள்ளி ரூபாய் சரியாக ஒரு தோலா எடையுடையது, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. எனவே அது கையிலிருந்தால் பணம். தராசில் வைத்தால் எடைக்கல். மூசையில் இட்டால் கொலுசு. காசைத் துளையிட்டுக் கோத்து மாலையாக அணிந்தவரும் உண்டு. 1940இல் அந்த ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. அத்தோடு காசு காசாகவும் நகை நகையாகவும் பிரிந்துவிட்டன.

நம் மக்கள் ஏன் நகையில் இத்துணை ஆசை வைத்தனர்? வீண் ஆடம்பரம் என்று பழித்தோர் உண்டு. கொழும்பிலிருந்த ஐரோப்பியப் புகைப்பட நிலையங்கள், மூக்குத்தியும் தண்டட்டியும் காப்பும் அணிந்த தமிழ்ப் பெண்களின் படங்களைத் தபாலட்டைகளாக அச்சிட்டு விற்றன. அவற்றைப் பார்த்த சீமையார், இத்தொழிலாளர் செழிப்பாக வாழ்கின்றனர் என்று எண்ணியிருக்கக்கூடும். உண்மை வேறு. தொழிலாளியின் பெயரில் கங்காணியின் ஏட்டில் கடன் ஏறிக்கொண்டேயிருந்தது. அக்கடனைக் குறித்த துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்தைவிட்டு மறு தோட்டம் போக முடியாது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே அத்துண்டு முறை ஒழிந்தது. லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். அரிசியின் விலை சம்பளத்திற் கழிந்தது. எவருடைய ஏட்டிலும் ஏறாமல், பெயர்ந்து போகையில் உடன்வரும் சொத்து, காதிலும் மூக்கிலும் கழுத்திலும் இருந்ததொன்றே. அதிலும் பெண்ணுக்கு 1984ஆம் ஆண்டு வரை ஆணுக்குச் சமமான சம்பளம் இல்லை. அவள் தனது என்று சொல்லத்தக்க பொருள் அவள் அணிந்த நகைதான்.

தெய்வப் பணியும் பட்டறையைச் சார்ந்திருந்தது. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட வெள்ளிக் கண்மலர், முருகனுக்கு வேல், அம்மனுக்குத் திருமாங்கல்யம் ஆகியவற்றை இக்கைகளே செய்து கொடுத்தன. திருமணத்துக்கு நல்ல நாள் பார்த்துத் தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்கில் பொற்கொல்லரின் இடம் பெரிது. நெருப்பும் பொன்னும் அவர் கையிலிருப்பினும் அது வெறுந் தொழிலன்று, மங்கலம் என்பதை அச்சடங்கு உணர்த்துகிறது.

பட்டறையின் கணக்கு

சிறு பட்டறைக்குப் பெரிய முதல் தேவையில்லை. உமிச்சட்டி, ஊதுகுழல், மூசை, பட்டடைக்கல், சுத்தியல், குறடு, சாமணம், கம்பி இழுக்கும் அச்சு, அரம், உரைகல், கண்ணாடிப் பெட்டியுள் ஒரு தராசு. பொன்னை வாடிக்கையாளரே கொண்டுவருவார். பத்தர் பெறுவது செய்கூலி. அரத்தின் பொடியும் தரையின் தூசும் வீண்போகாமல் கூட்டிச் சேர்க்கப்படும். அத்தூசை விலைக்கு வாங்கி, அலசிப் பொன்னெடுத்துப் பிழைத்தவரும் இருந்தனர்.

ஆயினும் இத்தொழிலுக்கு ஒரு முதல் இன்றியமையாதது. அதுவே நம்பிக்கை. ஏன் என்பதைக் கணக்கோடு காண்போம். ஒரு பவுன் 8 கிராம். இருபத்திரண்டு காரட் என்றால் இருபத்துநான்கில் இருபத்திரண்டு பங்கு பொன். எஞ்சியது செம்பும் வெள்ளியும். அப்பவுனில் சுத்தப் பொன் ஏறத்தாழ 7.33 கிராம். இருபத்தொரு காரட்டாக இறங்கினால் சரியாக 7 கிராம். இடையிலுள்ள மூன்றிலொரு கிராம் வேறுபாட்டைக் கண்ணாற் காண முடியாது. உரைகல்லிற் பழகிய கண்ணே அறியும். அக்கண் பத்தருடையது, வாடிக்கையாளருடையதன்று.

இன்னொன்றும் உண்டு. துண்டுகளை இணைக்க வைக்கும் பற்றாசு, நகையின் பொன்னைவிட எளிதில் உருக வேண்டும். ஆகவே அதிற் பொன் குறைவு. வேலைப்பாடும் கண்ணிகளும் மிகுந்த நகையைப் பல ஆண்டுகளின்பின் உருக்கினால், பற்றாசும் சேர்ந்து உருகி மாற்றுக் குறையும். களவு நடவாத இடத்திலும் 'பத்தர் திருடிவிட்டார்' என்ற பழி எழுந்தது இதனாலேயே. சிலர் திருடியதும் உண்மை. அதை மறைப்பது வரலாறாகாது.

சிலப்பதிகாரக் கதையை நாம் அனைவரும் அறிவோம். வாணிகத்துக்கு முதல் தேடி மனைவியின் சிலம்பை விற்கப் போனவன் கோவலன். ஒரு பொற்கொல்லன் பொய் சொன்னான். ஓர் அரசு ஆராயாமல் தீர்ப்பளித்தது. ஒரு நகர் எரிந்தது. நகை ஏழையின் முதல் என்பதையும், அதைத் தொடும் கையில் உண்மை இல்லாவிடில் என்ன நேரும் என்பதையும் இளங்கோவடிகள் ஒரே கதையிற் காட்டிவிட்டார். ஆனால் அந்த ஒருவனைக் கொண்டு ஒரு தொழிற்குலத்தையே பழிப்பது நீதியன்று.

பிரிவும் இழப்பும்

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி எழுதப்பட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஊரைவிட்டுப் போகிறவர் நகையை உருக்கினர். அடைவு வைத்ததை மீட்க முடியாமல் விட்டனர். பங்கு பிரித்து இருப்பவர்க்குக் கொடுத்தனர். 1973, 1974 ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் மாவுக்கும் மரவள்ளிக்கும் தோடுகள் போயின. 1983 ஆடிக் கலவரத்தில் மலைநாட்டுப் பட்டினங்களில் தமிழர் கடைகள் எரிந்தன.

கடல் கடந்து போன பொற்கொல்லருக்கு அக்கரையில் வேறொரு துன்பம் காத்திருந்தது. சீன யுத்தத்தின் பின் அந்நியச் செலாவணிக்குத் தவித்த இந்திய அரசு, 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டை விதித்தது. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். பதினான்கு காரட்டுக்கு மேற்பட்ட புது நகை செய்யலாகாது என்பது விதி. மக்கள் அப்பொன்னை விரும்பவில்லை, பட்டறைகள் ஓய்ந்தன, வறுமை தாங்காது உயிர்விட்ட பொற்கொல்லரும் உண்டு. காரட் வரம்பு பின்னர் நீங்கியது. ஆயினும் 1968இல் கட்டுப்பாடு தனிச் சட்டமாகி, 1990இலேயே நீக்கப்பட்டது. கடத்தல்காரரை நோக்கி எறிந்த கல், உமிச்சட்டியின் முன் அமர்ந்திருந்தவர் தலையில் விழுந்தது. சிறு தொழிலாளியைக் கேளாது இயற்றும் சட்டம் எவ்வளவு நல்ல நோக்கமுடையதாயினும் தீமை விளைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அதன்பின் வந்தது இயந்திரம். அச்சில் வார்த்த மோதிரமும் இயந்திரச் சங்கிலியும் கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து கண்ணாடிப் பெட்டிகளில் வந்து சேர்ந்தன. செய்வித்து வாங்குவது குறைந்து, செய்ததை வாங்குவது வழக்கமாயிற்று. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் வீடுதோறும் நகை மீண்டும் அடைவுக்குப் போயிற்று. மீட்கப்படாத நகை ஏலத்துக்குப் போய் உருகும்போது, பொன்னோடு ஒரு பழைய வடிவமும் உருகுகிறது. பாட்டியரின் தண்டட்டியை இனி ஒருவர் செய்யவேண்டுமாயின், எதைப் பார்த்துச் செய்வார்?

இளைஞர் கடமை

இத்தொழிலை மேற்கொள்ள விரும்பும் இளைஞரும் யுவதியரும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இவ்வரலாறு கூறும் புத்திமதி மூன்று.

முதலாவது, சொல்லை எழுத்தாக்குங்கள். எடை, காரட், பற்றாசு, செய்கூலி, சேதாரம் ஆகிய ஐந்தையும் பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய இரத்தினக்கல் ஆபரண அதிகார சபையிடம் மாற்றுப் பரிசோதித்து முத்திரை பெறுங்கள். வாடிக்கையாளரின் கண்ணுக்கு எட்டாததை அவர் கைக்கு எட்டச் செய்வதே நாணயம்.

இரண்டாவது, வெள்ளியில் தொடங்குங்கள். பொன்னில் ஒரு பிழை ஓராண்டு உழைப்பை விழுங்கும். வெள்ளியில் கை பழகலாம். இரண்டிலை ஒரு மொட்டும் நமது மலையின் அடையாளமன்றோ? சிவனொளிபாத மலைக்கு வரும் யாத்திரிகரும், நுவரெலியாவுக்குப் போகும் பயணிகளும் அதை விரும்பி வாங்கக்கூடும். ஆனால் புகையை மதியுங்கள். காட்மியம் கலந்த பற்றாசின் ஆவியும் திராவகத்தின் ஆவியும் நுரையீரலுக்கு நஞ்சு. காற்றோட்டமில்லாத அறையில் ஊதாதீர்கள்.

மூன்றாவது, வீட்டிலுள்ள முதியோரிடம் சென்று, எஞ்சிய பழைய நகைகளை அவை உருகுமுன் படமெடுங்கள். எடையையும் பெயரையும் குறியுங்கள். அணிந்தவர் கதையைக் கேட்டு எழுதுங்கள். நமது சங்கம் இதனை ஒரு பணியாக ஏற்பின், அடுத்த மலரிலேயே அதன் பயனைக் காணலாம்.

அரசர் இல்லாத காலத்தில், கொழுந்து கிள்ளிய கைகளே இக்கலையைக் காத்தன. அவர்கள் பட்டறையில் கொடுத்தது பொன். விட்டுச் சென்றது நம்பிக்கை. அந்நம்பிக்கையின் மாற்றுக் குறையாமற் காப்பது நம் கடன்.