லண்டன் கால்நடைக் கல்லூரியின் பிரெஞ்சு ஆசிரியர்

இங்கிலாந்தில் கால்நடை மருத்துவக் கல்விக்கு அடித்தளம் இட்டவர் லியோனில் பயின்ற பிரெஞ்சுக்காரரான சார்லஸ் வியால் த செயின்பெல். ஐரோப்பாவில் வெக்கை நோய் மாட்டு மந்தைகளை அழித்துவந்த காலத்தில், குதிரையேற்றப் பயிற்சிக்கழகம் நடத்திய க்ளோத் பூர்ஷெலா 1761இல் அரச ஆணை பெற்று லியோனில் நிறுவிய பள்ளியே உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியாகும். டென்மார்க்கின் அபில்கோர், சுவீடனின் ஹெர்ன்குவிஸ்ட் ஆகியோர் அங்கே கற்றுத் தாயகம் திரும்பிப் பள்ளிகள் தொடங்கினர். இங்கிலாந்துக்கோ ஆசிரியரே தேடி வந்தார்.

1788இல் செயின்பெல் முன்வைத்த கல்லூரித் திட்டத்துக்கு ஆதரவு கிட்டவில்லை. நோயுற்ற விலங்குகளைப் பார்க்கும் வேலை அந்நாட்டில் லாடம் அடிப்போரின் வழிவழித் தொழிலாக இருந்ததால், அதற்கு உடற்கூற்றியல், அதாவது உடலை அறுத்து உறுப்புகளின் அமைப்பை அறியும் கல்வி, தேவை என்ற எண்ணமே பலருக்குப் புதிதாக இருந்தது. ஒரு பந்தயத்திலும் தோற்காத எக்லிப்ஸ் என்னும் குதிரை 1789இல் இறந்தபோது, அதன் உடலை அறுத்து ஆராய்ந்து, எலும்புகளை அளந்து, விரைவுக்கான காரணத்தை உடலமைப்பின் விகிதங்களில் தேடி அவர் எழுதிய நூல், குதிரைப் பற்று மிகுந்த அச்சமூகத்துக்கு அவருடைய புலமையை எந்த விண்ணப்பத்தைக் காட்டிலும் தெளிவாக உணர்த்தியிருக்க வேண்டும்.

வேளாண் மேம்பாட்டில் அக்கறை கொண்ட ஓடிஹாம் வேளாண் சங்கத்தின் முயற்சியும் சேர, 1791இல் லண்டனில் கல்லூரி நிறுவப்பட்டு, செயின்பெல் அதன் முதல் பேராசிரியரானார். மறு ஆண்டின் தொடக்கத்தில் நான்கே மாணவர்களுடன் வகுப்புகள் தொடங்கின. ஆனால் 1793 ஆகஸ்டில் அவர் இறந்துபோனார். குதிரைகளைத் தாக்கி மனிதருக்கும் தொற்றும் கிளாண்டர்ஸ் நோயே அவருடைய உயிரைப் பறித்ததாகக் கருதப்படுகிறது. அதற்குக் காரணமான நுண்ணுயிர் 1882இல்தான் பிரித்தறியப்பட்டது.

இந்த மரணத்தின் இழப்பு ஒரு தனிமனிதருடையது மட்டுமன்று. அடுத்துப் பொறுப்பேற்ற எட்வர்ட் கோல்மன், மனித அறுவை மருத்துவத்தில் பயின்றவர். 1839வரை நீடித்த அவரது நீண்ட தலைமையின்கீழ்ப் பயிற்சிக் காலம் சில மாதங்களாகச் சுருங்கி, பாடங்கள் பெரும்பாலும் குதிரையையே சுற்றி நின்றன. படைக்குக் குதிரை மருத்துவர்கள் உடனடியாகத் தேவைப்பட்டது இதற்கு ஒரு காரணம் என்றாலும், உழவர்களின் மாடும் ஆடும் புறக்கணிக்கப்பட்டதை அது நியாயப்படுத்தாது. வேளாண் நலனை முன்னிட்டுப் பிறந்த கல்லூரி, மாட்டு நோய்களுக்கெனத் தனி ஆசிரியராக ஜேம்ஸ் பியர்ட் சைமண்ட்ஸை அமர்த்தியது 1842இல்தான். அதற்கும் அரச வேளாண் சங்கத்தின் தூண்டுதல் தேவைப்பட்டது.