காட்டுக்குப் போனவரைத் திருப்பி அனுப்பிய காப்பியம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பேத்தி பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். தேம்பாவணிப் பாடம். 3 காண்டம், 36 படலம், 3615 பாடல் என்று மனப்பாடமாக ஒப்பித்துவிட்டுக் கேட்டாள்: "தாத்தா, இதுல ஹீரோ யாரு? யார்கூடச் சண்டை போடுறாரு?"

"அவர் ஒரு தச்சர்ம்மா. யாரோடும் சண்டை போடல. கல்யாணம் பண்ணி, குடும்பத்தைக் காப்பாத்தினாரு" என்றேன்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

அந்த "அவ்வளவுதானா" என்னை விடவில்லை. எத்தனையோ வருடம் தமிழ் நடத்தியவன், இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டதே இல்லை. இந்தப் பதிவு அதற்கான பதில்தான்.

நம் விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை சாலையில் மங்கலம்பேட்டைப் பக்கம் போனால் கோணான்குப்பம். அங்குள்ள பெரியநாயகி மாதா கோயில் வீரமாமுனிவர் எழுப்பியது. நம்மூர்ப் பழமலைநாதர் கோயிலில் அம்மனுக்குப் பெரியநாயகி என்று பெயர். அதே பெயரைத்தான் அவர் தன் மாதாவுக்கும் சூட்டினார். மாதா இங்கே தமிழ்ப் பெண்ணாகச் சேலை உடுத்தி, கையில் குழந்தையோடு நிற்கிறாள். கோயில் கட்ட முகாசாபரூர் கச்சிராயர் துணை நின்றார் என்றும், பிள்ளையில்லாத அவர் வீட்டில் அதன்பின் தொட்டில் ஆடியது என்றும் இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். ஜனவரித் திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

வீரமாமுனிவரின் இயற்பெயர் கான்ஸ்டான்சோ பெஸ்கி. 1680இல் இத்தாலியில் பிறந்தவர். இயேசு சபைக் குரு. 1710இல் கோவாவில் வந்து இறங்கி, அங்கிருந்து மதுரை மிஷனுக்கு வந்தார். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1606இல், ராபர்ட் டி நொபிலி மதுரையில் காவி உடுத்தி, புலால் நீக்கி, சந்நியாசியாக வாழ்ந்து ஒரு வழி போட்டிருந்தார். பெஸ்கியும் அந்த வழியில்தான் நடந்தார். மனைவி இல்லை, மக்கள் இல்லை, சொந்த வீடு இல்லை.

அப்படிப்பட்ட துறவி 1726இல் ஒரு பெருங்காப்பியத்தை முடிக்கிறார். அதன் தலைவன் அரசனும் இல்லை, வீரனும் இல்லை, முனிவனும் இல்லை. இயேசுவை வளர்த்த சூசையப்பர். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்கு 'பெருகுதல்' என்ற பொருள் உண்டு என்பதால், அவரை 'வளன்' என்று அழகாகத் தமிழாக்கினார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பைபிளின் நான்கு நற்செய்தி நூல்களிலும் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவில் செய்தி வரும். எழுந்து அதன்படி செய்வார். இரவோடு இரவாகத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போவார். திரும்பி வந்து நாசரேத்தில் தச்சு வேலை பார்ப்பார். அப்புறம் கதையிலிருந்தே சத்தமில்லாமல் மறைந்துவிடுவார். அந்த வாய்பேசாத மனிதருக்குத்தான் 3615 தமிழ்ப் பாடல்கள்.

இனி முக்கியமான இடம். முதல் காண்டத்தில் பாலமாட்சிப் படலம் என்று ஒன்று. வளன் சின்ன வயதிலேயே உலகத்தை விட்டுத் தவம் செய்ய நினைத்துக் காட்டுக்குக் கிளம்பிவிடுகிறான். நம் மரபில் இப்படி ஒரு பிள்ளை புறப்பட்டால் கவிஞர்கள் கொண்டாடுவார்கள். இங்கே நடப்பது வேறு. ஒரு வானவர் முதியவர் வேடத்தில் வந்து வழிமறிக்கிறார். ஊருக்குள் மக்கள் நடுவில் இருந்து, பிறருக்கும் பயன்பட வாழும் அறத்தை எடுத்துச் சொல்லி, பையனை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறார்.

வீட்டைத் துறந்து கடல் கடந்து வந்த துறவி எழுதியது இது!

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். காப்பியத்தின் வளனும் மரியாவும் கன்னிமை விரதம் காத்த தம்பதிகள். அந்த இல்லறத்துக்குள் ஒரு துறவறமும் இருக்கிறது. ஆனாலும் கடவுள் வந்து வளர்ந்த இடம் உளியும் இழைப்புளியும் கிடந்த வீடு. அதைத்தான் கவிஞர் காப்பியமாக்கினார்.

அதே காலத்தில் தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரிகள் இருந்தார்கள். அவர்களை மறுத்து வீரமாமுனிவர் நூல்களே எழுதினார். அவ்வளவு பகை. ஆனால் அந்த லுத்தரே 1522இல் திருமணத்தைப் பற்றி எழுதும்போது, தகப்பன் குழந்தையின் துணியை அலசினால் ஊரார் சிரிப்பார்கள், கடவுளோ வானவர்களோடு சேர்ந்து மகிழ்வார் என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். எல்லாவற்றிலும் முரண்பட்டவர்கள் வீட்டு வேலை என்ற இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள்!

கத்தோலிக்கத் திருச்சபை மே 1ஆம் தேதியைத் 'தொழிலாளரான புனித சூசை' திருநாளாக அறிவித்தது 1955இல்தான். நம் பக்கத்தில் அந்தத் தச்சர் அதற்கு 200 ஆண்டுக்கு முன்பே காப்பியத் தலைவர் ஆகிவிட்டார்.

இதெல்லாம் புத்தகத்தில் இருப்பது. நேரில் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா இருந்தார். கிறிஸ்தவர். செராமிக் பட்டறையில் வேலை. களிமண் கூழை அச்சில் ஊற்றி எடுத்த பொம்மைகளை விளிம்பு சீவி, ஈரத் துணியால் துடைத்துச் சூளைக்குத் தயார் செய்வார். வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. விடியற்காலையில் மாமியாரைத் துடைத்துவிட்டுப் போவார், சாயங்காலம் வந்து மறுபடி துடைப்பார். ஒன்பது வருடம். அவர் பையன் என் மாணவன். ஒருநாள் அவனைப் பற்றிப் பேச வந்தவர் சட்டென்று கலங்கிவிட்டார். "ஞாயித்துக்கிழமைகூடக் கோயிலுக்குப் போக முடியல சார். சாமிக்கு நான் ஒண்ணுமே செய்யல."

நான் வேறு மதம். என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரிந்த ஒன்று தேம்பாவணிதான். காட்டுக்குப் போன வளனையும், வழிமறித்த முதியவரையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அந்தப் பெரியவரு எங்கிட்ட முன்னாடியே வந்திருந்தா, இவ்ளோ நாள் அழுதிருக்க மாட்டேன் சார்" என்றார். எழுந்து வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, "சூசையப்பர் ஆம்பளைதானே சார்? இந்தக் கதைய எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு தடவ சொல்லுங்க" என்றார்.

சிரித்துவிட்டேன். அன்று இரவு சிரிப்பு வரவில்லை. என் அம்மா கடைசி மூன்று வருடம் எழுந்து நடமாட முடியாமல் இருந்தார். நான் பள்ளிக்கூடம், விடைத்தாள், இலக்கிய மன்றம் என்று இருந்தேன். அம்மாவைப் பார்த்துக்கொண்டது என் மனைவி. பாலமாட்சிப் படலத்தை ஊருக்கெல்லாம் விளக்கத் தெரிந்த எனக்கு, அம்மாவுக்கு எத்தனை மணிக்கு எந்த மாத்திரை என்று தெரியாது.

பேத்தியின் பாடத்தில் வருவது கருணையன் புலம்பல். காட்டில் தாய் எலிசபெத் இறந்ததும் மகன் அழுகிறான். உணவு தேடும் முறை தெரியாது, காட்டில் போகும் வழி தெரியாது என்று அழுகிறான். அம்மா செய்தது என்னென்ன என்று அவள் போன பிறகுதான் அவனுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு முறையும் இதை அவலச்சுவை என்று நடத்தினேன். அவன் போடும் அந்தக் கணக்கு இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

"அவ்வளவுதானா?" என்ற பேத்திக்கு நேற்று பதில் சொன்னேன். "ஆமாம்மா, அவ்வளவுதான். அதைத் தினமும் செய்யணும் பாரு, அதுதான் கஷ்டம்."

இப்போது காலை காபி என் பொறுப்பு. சுமாராகத்தான் வருகிறது. மனைவி குடித்துவிட்டு ஒன்றும் சொல்வதில்லை.

கோணான்குப்பம் போகாதவர்கள் ஒருமுறை போய்வாருங்கள். உங்கள் வீட்டில் இப்படிச் சத்தமில்லாமல் ஒருவர் இருந்தால், அவரைப் பற்றிக் கீழே இரண்டு வரி எழுதுங்கள். எழுதும் முன்பு அவரிடமே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.