அற்பாயுசில் போன 'புஷ்ஷிங் டெய்ஸீஸ்'

செத்துப்போனவனைப் பத்தி ஆங்கிலத்தில் நக்கலாகச் சொல்வார்கள், மண்ணுக்கடியில் இருந்து டெய்ஸிப் பூவை மேலே தள்ளிக்கிட்டு இருக்கான்னு. நம்ம ஊர் 'மண்டையைப் போட்டுட்டான்' மாதிரிதான். அதையே பேராக வச்சுக்கிட்டு 2007 அக்டோபர் 3 அன்று அமெரிக்காவின் ஏபிசி சேனலில் ஆரம்பித்த சீரியல் 'புஷ்ஷிங் டெய்ஸீஸ்'. பேர் ராசியோ என்னவோ, 22 எபிசோடிலேயே மண்டையைப் போட்டுடுச்சு. அது ஓடும்போது நான் நாலாங்கிளாஸோ அஞ்சாங்கிளாஸோ. நான் பார்த்ததெல்லாம் காரியம் முடிஞ்சு பல வருஷம் கழித்துதான்.

நெட் என்று ஒருத்தன். (லீ பேஸ். 'ஹாபிட்' படங்களில் எல்ஃப் ராஜாவாக வருவாரே, அவரேதான்.) பழத்தை மாவுக்குள்ள வச்சுச் சுடுற 'பை' விற்கிற கடை வச்சிருக்கான். பைக் கடைன்னு எழுதினா மெக்கானிக் ஷெட்டு ஆயிடும், அதான் சுத்தி வளைக்கிறேன். அவன் தொட்டால் செத்த உயிர் பிழைக்கும். மறுபடி தொட்டால் ஒரேயடியா போயிடும். தொடாமல் ஒரு நிமிஷத்தைத் தாண்டினால், அதுக்கு ஈடாகப் பக்கத்தில் இன்னொரு உயிர் போகும். அவ்ளோதான் விதி. புரோகிராம் எழுதுறவன் கண்ணுக்கு இதைவிட சுத்தமான ஸ்பெக் கிடையாது. மொத்தக் கதையும் இந்த மூணு வரியில் இருந்துதான் ஓடுது.

முதல் எபிசோடு ஆரம்பிச்ச சில நிமிஷத்திலேயே, சின்னப் பையன் நெட்டின் அம்மா அடுப்படியில் மூளை ரத்தக்குழாய் வெடிச்சு விழுந்துடுறாங்க. பையன் தொடுறான். அம்மா எழுந்து விட்ட வேலையைத் தொடர்றாங்க. ஒரு நிமிஷம் ஆனதும் அடுத்த வீட்டுச் சிறுமி சக்கின் அப்பா பொத்துனு விழுந்து சாகிறார். அன்னிக்கு ராத்திரி தூங்க வைக்க வந்த அம்மா பையனுக்கு ஒரு முத்தம் கொடுக்கிறாங்க... முடிஞ்சது. வளர்ந்த பிறகு, கொலையாகிக் கிடக்கும் அதே சக்கை அவன் எழுப்புகிறான். காதல். ஆனால் ஆயுசுக்கும் விரல்கூட படக்கூடாது.

இத்தனை சாவும் மஞ்சளும் பச்சையுமாக, குழந்தைகள் புத்தகக் கலரில் நடக்கும். முதல் எபிசோடை இயக்கியவர் 'மென் இன் பிளாக்' எடுத்த பேரி சோனன்ஃபெல்ட். கதை சொல்வது ஜிம் டேல், அமெரிக்காவில் ஹாரி பாட்டர் ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுத்தவர். யாருக்கு என்ன வயசு என்பதை வருஷம், வாரம், நாள், மணி, நிமிஷம் வரைக்கும் சொல்வார். சாவையும் அதே தாத்தா குரலில்தான் சொல்வார். சிரிச்சு முடிச்ச அப்புறம்தான் சுருக்குன்னும்.

முதல் நாள் பார்த்தவர்கள் சுமார் 1.3 கோடி பேர். பிறகு வந்தது சனி. 2007 நவம்பர் 5 அன்று அமெரிக்க எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. 22 எபிசோடு வர வேண்டிய முதல் சீசனுக்குக் கையில் இருந்தது 9. டிசம்பர் 12 அன்று அதுவும் தீர்ந்தது.

ரசிகர்களில் பாதிப் பேர் இந்த ஸ்டிரைக்கைத்தான் திட்டுவார்கள். எனக்கு மனசு வரலை. இணையத்தில் ஓடும் சீரியலுக்கும் எழுதினவனுக்கு ஒரு பங்கு கொடுங்கள் என்பது அவர்கள் கேட்டதில் முக்கியமானது. நான் இதைப் பார்த்ததே இணையத்தில்தானே!

ஸ்டிரைக் 2008 பிப்ரவரி 12 அன்று முடிந்துவிட்டது. 'கிரேஸ் அனாடமி', 'லாஸ்ட்' எல்லாம் ஏப்ரலிலேயே திரும்பி வந்தன. புதன்கிழமை ராத்திரியில் புதுசாக விட்ட மூணு சீரியலை மட்டும் ஏபிசி அக்டோபருக்குத் தள்ளியது. இது, 'டர்ட்டி செக்ஸி மணி', 'பிரைவேட் பிராக்டிஸ்'. நியாயமா ஒண்ணு சொல்லணும், இதே காத்திருப்பில் 'பிரைவேட் பிராக்டிஸ்' தப்பித்து 2013 வரை ஓடியது. ஆனால் அது 'கிரேஸ் அனாடமி'யின் கிளைக்கதை, ஆளுங்க ஏற்கெனவே இருந்தாங்க. ஒன்பது எபிசோடே பழகின ஒரு விசித்திரக் கதையை ஒன்பதரை மாசம் யார் ஞாபகம் வச்சிருப்பாங்க? 2008 அக்டோபர் 1 அன்று திரும்பி வந்தபோது கூட்டம் பாதிக்கும் கீழே. நவம்பரிலேயே 13 எபிசோடோட போதும்னுட்டாங்க. கடைசி மூணை பெட்டியில் போட்டு வச்சு, 2009 மே 30 முதல் மூணு சனிக்கிழமையில் தள்ளிவிட்டார்கள்.

உருவாக்கிய பிரையன் ஃபுல்லருக்கு இது புதுசில்லை. விண்வெளி நிலையத்தில் இருந்து விழுந்த கக்கூஸ் சீட்டால் ஒரு பெண் செத்துப்போகும் 'டெட் லைக் மீ' (2003) அவர் ஆரம்பித்ததுதான். முதல் சீசன் நடுவிலேயே வெளியேறினார். நயாகராவில் பொம்மைகள் பேசும் 'வொண்டர்ஃபால்ஸ்' (2004) 13 எபிசோடு எடுத்தும் ஃபாக்ஸில் வந்தது நாலே நாலு. மனுஷன் விடலை, அதில் வந்த மேரியான் மேரி பீட்டில் என்ற பாத்திரத்தை 'புஷ்ஷிங் டெய்ஸீஸ்' இரண்டாம் சீசனில் ஒரு சமையல் போட்டிக்கு வரவழைத்தார். செத்த சீரியலை ஒரு நிமிஷம் எழுப்பின மாதிரி :-)

(பார்க்காதவங்க இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க.) கடைசி எபிசோடின் கடைசி நிமிஷங்களில் எல்லாக் கணக்கையும் அவசரமா முடிப்பாங்க. எமர்சனின் தொலைந்துபோன மகள் வாசலில் வந்து நிற்பாள், ஆலிவ் தனியாக ஒரு ஹோட்டல் திறப்பாள். ஒரு முழு சீசன் கதை! ரெண்டு நிமிஷத்தில்.

மொத்தம் 7 எம்மி விருது. ஆலிவாக நடித்த கிறிஸ்டின் செனோவெத்துக்குச் சிறந்த துணை நடிகை விருது கிடைத்தது 2009 செப்டம்பரில், சீரியல் அடங்கி மூணு மாசம் கழித்து. அழுதுகொண்டே மேடையேறிய அந்தம்மா, தனக்கு இப்போது வேலை இல்லை என்று சொல்லிவிட்டு, தான் நடிக்க ஆசைப்படும் சீரியல்களின் பட்டியலை அங்கேயே வாசித்தார்.